எளிய மீட்பு என்றொரு கட்டம்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. முன்மேசையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கு என்ன வியாதி என்று இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வந்ததில்லை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. யாராவது கவுண்டரில் சாய்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரம்மா நேற்று வந்தாரே, என்னவாம் என்று நூல் விட்டுப் பார்த்தால் போதும், பூட்டக்காவுக்கு எங்கிருந்துதான் வருமோ அந்தக் கோபம். "அவங்க உங்களைப் பத்தி எங்கிட்ட விசாரிக்கலையே" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்டு அனுப்பிவிடுவாள்.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் பஸ் ஓட்டுநர். அவருடைய சொந்த அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பது அவருக்குப் பத்து மாதம் கழித்து, அண்ணன் வாயாலேயே தெரிந்தது. அந்த ரிப்போர்ட்டை அச்சடித்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தது தன் வீட்டுக்காரிதான் என்று தெரிந்ததும் மனுஷன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வீடு அமைதியாக இருக்கிறது, இப்படியே இருங்கள் என்றாள் அவள். மூன்றாம் நாள் தானாகப் பேசினார்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவளுக்கு வேறு பெருமை கிடையாது. படிப்பு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மேசையும் நாற்காலியும்கூட நிலையத்துடையவை. "பூட்டக்காகிட்ட சொன்னா சுவத்துகிட்ட சொன்ன மாதிரி" என்று நாலு பேர் சொல்வது மட்டும்தான் அவளுடைய சொந்தச் சொத்து. அதிலேதான் கை வைத்தது அந்த மென்பொருள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் டாக்டர் அதை வாங்கிப் போட்டார். இனிமேல் காகித ரிப்போர்ட் கிடையாது, ரத்தம் கொடுத்தவர்கள் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆளுக்கு ஓர் எண், ஒரு கடவுச்சொல். பொருத்திக் கொடுக்க வந்த மென்பொருள்காரர் முப்பத்தைந்து வயதுக்காரர், நன்றாகப் பேசுவார். எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காகத் தன்னையே முதல் நோயாளியாகப் பதிந்து, கடவுச்சொல் போட்டு, ரத்தமும் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன மறுநாளிலிருந்து பூட்டக்காவுக்குப் பிடித்தது சனி. வயதானவர்களுக்குக் கடவுச்சொல் நினைவில் நிற்கவில்லை. காலை ஏழு மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் அவர்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும். அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு தாத்தா ஒரே காலையில் பதினோரு தடவை முயன்றுவிட்டு, "எனக்கு வியாதியே வேண்டாம்மா, விட்டுடு" என்று போனை வைத்துவிட்டார். அவருக்குச் சிறுநீரகக் கோளாறைக் காட்டுகிற கிரியாட்டினின் கூடியிருந்தது. பூட்டக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கீழே இருந்து நான்காவது வரி: "எளிய மீட்பு. மறந்துபோன கடவுச்சொல்லைப் பணியாளர் பார்த்துச் சொல்லலாம்." பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். டிக் போட்டாள். பச்சை எழுத்தில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. அவ்வளவுதான்.

பார்த்துச் சொல்ல முடிகிறது என்றால் எங்கேயோ அப்படியே எழுதி வைத்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நடந்து முடிந்த பிறகு எல்லோருக்கும் மூளை வேலை செய்யும். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதைக் கட்டியவனுக்குத் தெரியும். சொல்ல வேண்டியவன் அவன். அவன் பச்சை எழுத்தில் ஒரு சொல் போட்டுவிட்டுக் கமுக்கமாக இருந்துவிட்டான்.

அவளும் கேட்டவர்களுக்கெல்லாம் வாரி வழங்கவில்லை. குரல் தெரிய வேண்டும், பிறந்த தேதி சொல்ல வேண்டும், எந்த டாக்டர் அனுப்பினார் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வாள். அந்தத் தாத்தா, பெற்ற மகள் இப்படிப் பொறுமையாகச் சொல்லமாட்டாள் என்றார். நான்கு வருடம் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில், குட்டி டீச்சர் வந்தாள்.

குட்டி டீச்சர் மழலையர் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். ஆளும் குட்டையாக இருப்பாள். பன்னிரண்டு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை இங்கே வந்தாள். வலிப்பு நோய். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க வேண்டும். ஊசியைப் பார்த்து அலறிய பிள்ளையை மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டது பூட்டக்காதான். அன்றிலிருந்து அத்தை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. கடைசியாக வலிப்பு வந்து ஆறு வருடமாகிறது. பள்ளியில் சொல்லவில்லை. சொன்னால் வகுப்பைக் கையில் கொடுக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பூட்டக்காவுக்கும் தெரியும். காதும் காதும் வைத்த மாதிரி பதினான்கு வருடம் போனது.

அன்றைக்கு அவள் வரிசையில் நிற்கவில்லை. நேராகக் கவுண்டருக்கு வந்து போனை மேசையில் வைத்தாள். திரையில் அவளுடைய ரிப்போர்ட்டின் படம். மருந்தின் பெயர், எதற்கான மருந்து, அவள் பெயர், வயது, எல்லாம் பளிச்சென்று இருந்தது. யாரோ தலைமையாசிரியைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவளை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, பொருள்கள் வைக்கிற அறையில் பொம்மைகளுக்கு எண் ஒட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

"எங்க வீட்டைத் தவிர இது தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான் அத்தை" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "உங்களை நான் சந்தேகப்பட்டதே இல்ல. இப்ப வேற யாரைச் சந்தேகப்படுறதுன்னு நீங்களே சொல்லுங்க."

பூட்டக்கா வாயைத் திறந்தாள். வரிசையில் நின்ற பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அந்தப் பெண் மேல் இல்லை. அது பாவம், வேறென்ன நினைக்கும். யார் மேல் என்று தெரியாத கோபம் அது, அதனால் அடங்கவும் இல்லை. வீட்டில் புருஷன் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொல்ல முடியாது, சொன்னால் இன்னொருத்தி வியாதியைச் சொல்ல வேண்டும். அவர் மேலேயே எரிந்து விழுந்தாள். மனுஷன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை டாக்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பத்தொன்பது வருடத்தில் அவள் சாத்தியது அதுதான் முதல் தடவை. அந்த ரிப்போர்ட்டை யார் யார் திறந்தார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும், நான் என்று வந்தால் இன்றைக்கே போய்விடுகிறேன் என்றாள். டாக்டர் நல்லவர், ஆனால் வம்பு என்றால் ஒதுங்கிப் போகிறவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிவைத் திறந்தார்.

போன வாரம் புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, குட்டி டீச்சரின் கடவுச்சொல்லையே போட்டு யாரோ திறந்திருந்தார்கள். எந்தக் கணினியிலிருந்து? நான்கு தெரு தள்ளி இருக்கிற கிளையின் கணினியிலிருந்து. ரத்தம் மட்டும் எடுக்கிற சின்ன அறை அது. குட்டி டீச்சர் அந்தப் பக்கமே போனதில்லை.

கிளையில் பகுதிநேரமாக உட்கார்ந்திருந்த பெண்ணை டாக்டர் வரச்சொன்னார். வந்து நின்றதுமே அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவளுடைய நாத்தனார் அதே பள்ளியில் உதவியாளர். குட்டி டீச்சரின் வகுப்பு மேல் அந்த நாத்தனாருக்கு ரொம்ப நாளாகக் கண். கடவுச்சொல் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு அந்தப் பெண் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அது எல்லாருதும் இருக்கே சார். ஒரு ஃபைல்ல வரிசையா."

இருந்தது. டாக்டர் தன் கணினியிலேயே தேடி எடுத்தார். ஒரே ஃபைல். பெயர், எண், கடவுச்சொல். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், கடைச் சாமான் பட்டியல் மாதிரி. தினமும் அதில் ஒரு பிரதி கிளைக்கும் போய்க்கொண்டிருந்தது. பூட்டோ சாவியோ எதுவும் இல்லை.

கிளைப் பெண்ணை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். பூட்டக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த நிம்மதி இரண்டு நாளுக்கு மேல் நிலைக்கவில்லை.

வியாழக்கிழமை மென்பொருள்காரர் வந்தார். டாக்டர் அறையில், பூட்டக்காவும் நிற்க, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, பதற்றமே இல்லாமல் பேசினார். வழக்கமாகத் தங்கள் மென்பொருள் கடவுச்சொல்லை யாராலும், தங்களாலும்கூட, படிக்க முடியாதபடி உருமாற்றித்தான் வைக்கும் என்றார். எளிய மீட்பைப் போட்டால் மட்டும், அதற்குப் பிறகு யார் கடவுச்சொல் அடித்தாலும் அதை அப்படியே எழுதி வைக்கும். தாங்கள் கொடுத்தபோது அது அணைந்துதான் இருந்தது. யார் போட்டது என்பதற்கும் பதிவு இருக்கிறது என்று சொல்லி, திரையை டாக்டர் பக்கம் திருப்பினார். தேதி, நேரம், பூட்டக்காவின் பெயர்.

"உங்க ஆள்தான் போட்டிருக்காங்க சார்" என்றார்.

டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். தாத்தாவுக்காகப் போட்ட டிக். அழுதுகொண்டே போட்ட டிக். ஊர் ரகசியத்தையெல்லாம் நெஞ்சில் வைத்துக் காத்துவிட்டு, இரண்டாயிரம் பேர் சாவியை நடுத்தெருவில் வைத்தவள் தானா?

பிறகு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தவில்லை. மென்பொருள்காரரிடம், தம்பி, நான் சொல்வதைக் கொஞ்சம் செய்து காட்டுங்கள் என்றாள். ஒரு நோயாளியின் தலைப்பெழுத்தை அழிக்கச் சொன்னாள். உடனே ஒரு பெட்டி வந்தது: நிச்சயமாக அழிக்கலாமா? நிலையத்தின் சின்னத்தை மாற்றச் சொன்னாள். இன்னொரு பெட்டி: மாற்றினால் பழையது திரும்பக் கிடைக்காது, சம்மதமா? எழுத்தின் அளவைக் குறைக்கச் சொன்னாள். அதற்கும் ஒரு பெட்டி, மஞ்சள் நிறத்தில்: சிறிய எழுத்து படிக்கக் கடினமாக இருக்கலாம். உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் அந்த மென்பொருள் மாமியார் மாதிரி குறுக்கே வந்து நின்றது. கடைசியாக எளிய மீட்பை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள்.

பச்சை எழுத்து வந்தது. சேமிக்கப்பட்டது.

"எழுத்து சின்னதானா கண்ணு வலிக்கும்னு எங்கிட்டச் சொல்ல அதுக்குத் தெரிஞ்சுதில்ல?" என்றாள். "இதுக்கு மட்டும் ஏன் தம்பி வாய அடைச்சுக்கிச்சு?"

அவர் விளக்கம் சொன்னார். அவரிடம் அது ஏராளமாக இருந்தது. எச்சரிக்கை போட்டால் வாடிக்கையாளர்கள் மிரண்டுபோய்த் தங்களைக் கூப்பிட்டுக் குடைகிறார்கள். போட்டாலும் யாரும் படிப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு 'சரி'யை அழுத்திவிட்டுப் போகிறார்கள். கையேட்டில் எண்பத்து மூன்றாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. வசதி கேட்பவர்களுக்கு வசதி கொடுக்கிறோம், அதை எப்படி வைத்துக்கொள்வது என்பது அவரவர் பொறுப்பு. கைகழுவுகிற பேச்சை இவ்வளவு மரியாதையாகப் பேச எங்கேதான் கற்றுக்கொள்கிறார்களோ.

"படிக்காதவங்க படிக்காம போகட்டும்" என்றாள் பூட்டக்கா. "நான் படிப்பேன். மேலேருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு வரியா படிச்சுதான் அந்த டிக்கைப் போட்டேன். இது ஆபத்துன்னு ஒரு வரி இருந்திருந்தா என் கை அங்க போயிருக்காது. அந்த ஒரு வரிய எழுதாதவர் நீங்க. இப்ப எம்பேரை எடுத்து சாருக்குக் காட்டுறீங்க."

எல்லோருக்காகவும் நாங்கள் பயந்துகொண்டிருக்க முடியாது மேடம் என்றார் அவர். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமலிருந்தால் அவள் அதோடு விட்டிருப்பாள்.

டாக்டரின் கணினியில் அந்த ஃபைல் திறந்தே இருந்தது. அவள் குனிந்து அதன் உச்சிக்குப் போனாள். முதல் வரி, முதல் நோயாளி. நான்கு வருடத்துக்கு முன்னால் தன்னையே பதிந்து காட்டிய மனுஷன், வருடா வருடம் சரிபார்க்க வரும்போதும் அதே கடவுச்சொல்லைத்தான் அடிப்பார். மேசையிலிருந்த துண்டுக் காகிதத்தில் எழுதி, இரண்டாக மடித்து, அவர் கையில் கொடுத்தாள்.

"சத்தமா வாசிக்க மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்ல" என்றாள். "இதையே வேற எங்கெல்லாம் போட்டு வச்சிருக்கீங்கன்னும் நான் கேட்கல."

அவர் பிரித்துப் பார்த்தார். காது மடல் வரை சிவந்துபோயிற்று. காகிதத்தை நான்காக, எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். திணித்த கையோடு போனை எடுத்து, அவசரமாக எதையோ மாற்ற ஆரம்பித்தார். எதை மாற்றுகிறார் என்று அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் எச்சரிக்கை வந்துவிடும் என்று அவர் ஒப்புக்கொண்டார். இப்படி ஒரு கட்டமே எதற்கு, எடுத்துத் தொலைக்கலாமே என்று பூட்டக்கா கேட்டதற்கு, மற்ற நிலையங்கள் விடாது என்றார். சரி, எச்சரிக்கையாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று என்ன எழுதப் போகிறார் என்று கேட்டாள். 'பாதுகாப்பு நிலை குறையலாம்' என்று எழுதிக் காட்டினார். குறையலாம் என்றால் என்ன அர்த்தம், மழை பெய்யலாம் என்கிற மாதிரியா என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவளே எழுதினாள்: இதைப் போட்டால் இந்தக் கணினியைத் திறக்கும் யார் வேண்டுமானாலும் எல்லோருடைய கடவுச்சொல்லையும் படிக்கலாம். சிவப்பு எழுத்தில் வேண்டும் என்றாள். ஒரு சொல்லைக்கூட மாற்ற விடவில்லை.

கட்டத்தின் டிக்கை எடுத்து, ஃபைலையும் அழித்த பிறகு, அடுத்த இரண்டு வாரம் இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கும் போன் போட்டு, கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிலர் திட்டினார்கள். தாத்தா திட்டவில்லை, இனிமேல் நீ சொல்லமாட்டாயா என்று மட்டும் கேட்டார். எனக்கே தெரியாதுப்பா என்றாள்.

குட்டி டீச்சரை மட்டும் போனில் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கிளைப் பெண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தால் பழி துடைத்த மாதிரி போயிருக்கும். பஸ்ஸில் வரும்போது அந்த ஆசையும் இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டம், டிக், தாத்தா, ஃபைல், ஒன்றையும் விடவில்லை.

"என் வாயால போகலம்மா" என்றாள். "ஆனா என் கையாலதான் போயிருக்கு."

"அத அழுத்துறப்ப அது ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமே சொல்லல."

"ஒரு வார்த்தைகூட?"

"சேமிக்கப்பட்டதுன்னு ஒண்ணுதான்" என்றாள் பூட்டக்கா.

வகுப்பெடுக்கத் தடையில்லை என்று டாக்டர் பள்ளிக்குக் கடிதம் கொடுத்தார், குட்டி டீச்சருக்கு வைத்தியம் பார்க்கிற நரம்பு மருத்துவரும் கொடுத்தார். தலைமையாசிரியை இரண்டையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். பெற்றோர் பயப்படுகிறார்கள் என்றார். எப்படியும் யாராவது பயப்பட வேண்டும் போலிருக்கிறது, பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்பட வேண்டியவர்களைத் தவிர. வகுப்பு இப்போது அந்த நாத்தனாரிடம் இருக்கிறது. பூட்டக்காவுக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மூன்று மாதம் முடிந்து குட்டி டீச்சர் ரத்தம் கொடுக்க வந்தாள். வேறு நிலையத்துக்குப் போயிருக்கலாம், வந்தாள். விரல் நுனியில் எண் ஒட்டுகிற பசை காய்ந்திருந்தது. ரத்தம் கொடுத்து முடித்து, புதுக் கடவுச்சொல் போட வேண்டும் என்று கவுண்டருக்கு வந்தாள். பூட்டக்கா விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்தப் பெண் இடது கையைக் குவித்து விசைப்பலகையை மறைத்துக்கொண்டு, வலது கையால் அடித்தாள். பதினான்கு வருடத்தில் அவள் பூட்டக்காவிடமிருந்து எதையும் மறைத்ததில்லை. பூட்டக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவளே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொன்னதைத்தான் அந்தப் பிள்ளை செய்தது.

அவள் திரும்பியபோது திரையில் பச்சை எழுத்தில் 'சேமிக்கப்பட்டது' என்று இருந்தது.

"அவ்வளவுதானே மேடம்?" என்று கேட்டாள் குட்டி டீச்சர்.

"அவ்வளவுதாம்மா" என்றாள் பூட்டக்கா. அவள் வாசலைத் தாண்டிப் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.